துப்பாக்கி அலமாரியும் கெளுத்திக் குழம்பும்

உங்கள் மேனேஜர் என்னை இங்கே நிறுத்தி, "ஐயா, ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு நழுவிவிட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது புதுச்சேரியில் எல்லா ஓட்டல்காரர்களுக்கும் தெரியும். அதனால் வசதியாக உட்காருங்கள். தம்பி, அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வை. அது எங்கேயும் ஓடிப்போகாது.

கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றுவது, சிரிப்பது, கை கூப்புவது எல்லாம் மற்றவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். என்னைவிட நன்றாகவே கற்றுக்கொடுப்பார்கள்; எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வராது. நான் சொல்ல வந்தது சாவியைப் பற்றி. விருந்தாளி தன் பொருளை நம்பிக் கொடுக்கிறார். நாம் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். பூட்டின உடனே நமக்கு ஒரு மிதப்பு வந்துவிடும். பொருள் அவருடையதுதான், ஆனால் சாவி நம்மிடம் அல்லவா இருக்கிறது! அந்த மிதப்பு ஒருநாள் எனக்கு எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் காரைக்கால்காரன். என் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாய். அவர் தோளில் தொங்கிய துப்பாக்கி அவருடையது இல்லை, சர்க்காருடையது. மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். வீட்டில் அவர் வைத்திருந்த பெரிய ஆயுதம் தேங்காய் உரிக்கும் கடப்பாரை. ஆகவே ஒரு தனி மனிதன், சிப்பாயோ போலீஸோ அல்லாத ஒருவன், தன் வீட்டில் துப்பாக்கியைச் சொந்தமாக மாட்டி வைத்திருப்பான் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பிழைப்புக்காக வியட்நாமில் சைகோனுக்குப் போய், சண்டைக்கு வந்த அமெரிக்கர்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்புறம், மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், நான் ரிசப்ஷனில் இருந்த ஓட்டல். நாலு மாடி, ஆனால் அகலம் ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவுதான். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே அறைகள். முதலாளி மரைக்காயர், அவரும் காரைக்கால். சாப்பாட்டுக் கூடத்தையும் கல்லாவையும் பார்த்துக்கொண்டது கோ லான் என்ற வியட்நாம் அம்மாள். என்னைவிட மூத்தவள், கணவனை இழந்தவள், யாருக்கும் பயப்படாதவள். அந்த ஊரில் இந்தியன் எவனாக இருந்தாலும் 'ஆன் பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாவது அண்ணன் என்று பொருள். எட்டு வருஷமாகக் கூட இருந்தும் அவளுக்கு நான் ஆன் பாய்தான்.

அமெரிக்கப் படைகள் வந்து இறங்கிய பிறகு எங்கள் கூடம் நிரம்பி வழிந்தது. காரக் குழம்பு சாப்பிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு மறுநாளும் வருவார்கள். பேச்சும் நிறைய. ஒருநாள் ஒரு வெள்ளைக்கார இளைஞன் பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். சின்னப் பையன், முன்பல் விழுந்த வாய், கையில் அவன் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி. "நான்தான்! பிறந்தநாளுக்கு எங்க தாத்தா குடுத்தது" என்றான். எங்கள் ஊரில் தாத்தா பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கிப் போடுவார். இதை எங்கே வாங்கினார் என்று கேட்டேன். தெருமுனைக் கடையில் என்றான். சர்க்கரை, ஆணி, தோட்டா எல்லாம் ஒரே பலகையில் இருக்குமாம். அடேயப்பா என்று வாயைப் பிளந்தவன், மூட மறந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் துப்பாக்கியை எங்கே வைப்பார்கள்? நாற்காலி முதுகில் மாட்டுவார்கள். ஒருநாள் அப்படி மாட்டிய ஒன்று கீழே விழுந்து வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழம்பு அண்டாவில் ஓட்டை. தரையெல்லாம் மீன். மரைக்காயர் தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார், "என்னா இது, சோத்துக் கடையா சண்டைக் களமா!" அப்போது அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தவர் மாரியம்மன் கோயில் காரியங்களைப் பார்த்துவந்த ஒரு செட்டியார். அவர்தான் சாவதானமாகச் சொன்னார், "கோயில் வாசல்ல செருப்புக்கு வில்லை குடுக்குறாப்புல இதுக்கும் குடுங்களேன் மரைக்காயரே. கழட்டி வச்சிட்டு உள்ள போகட்டும்."

மறுநாளே ரிசப்ஷனுக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி வந்தது. எண் போட்ட பித்தளை வில்லைகளும் வந்தன. துப்பாக்கியைக் காலி செய்து கொடுக்கவேண்டும், தோட்டாவோடு சேர்த்துத் துணிப்பையில் போட்டுப் பூட்டுவேன், வில்லையைக் கொடுப்பேன். வில்லை திரும்பி வந்தால் பை திரும்பிப் போகும். சாவி என் இடுப்பில். செருப்புக் காப்பவனுக்கு எந்தச் செருப்பு விலை உயர்ந்தது என்ற பேச்சே கிடையாது, அதுபோலத்தான் இதுவும் என்று மரைக்காயர் சொன்னார்.

சொன்னார். நடந்தது வேறு. வெள்ளைக்காரர் சிலர் சிரித்துக்கொண்டே இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு நேராக உள்ளே போய்விடுவார்கள். தடுக்க எங்களுக்குத் துணிச்சல் வராது, ஜன்னலைப் பார்ப்போம். கறுப்புச் சிப்பாய்கள் ஒருவர்கூட அப்படிப் போனதில்லை. கேட்பதற்கு முன்னாலேயே மேசைமேல் வைத்துவிடுவார்கள். கோ லான் இதை முதலில் கவனித்தாள். "ஆன் பாய், உன் அலமாரிக்குக் கண்ணு தெரியுது, ஆள் நிறம் பாக்குது" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

எலைஜா என்று ஒரு சார்ஜண்ட். கறுப்பர். எங்கள் மாதா கோயில் பைபிளில் எலியா என்று வருவாரே, அதே பெயர். ஆறடிக்கு மேல் உயரம். நடந்தால் சத்தமே கேட்காது. அவருடைய ஆட்கள் பொழுதுபோக்கப் போவது கான் ஹோய் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கேதான் கறுப்பர்களுக்கென்று கடைகள், பாட்டு எல்லாம். சண்டைக்களத்தில் ஒரே குழிக்குள் படுத்துக்கிடந்தவர்கள் ஊருக்குள் வந்ததும் தெருவைப் பிரித்துக்கொள்வார்கள். அந்த விநோதத்தை நான் அங்கேதான் பார்த்தேன். மற்ற கறுப்பர்கள் எங்களிடம் எப்போதாவது வந்தால் உண்டு; எலைஜா மட்டும் பாலத்தைத் தாண்டி அடிக்கடி வருவார். காரணம் கெளுத்தி. அவர் ஊர் ஆற்றிலும் அந்த மீன்தானாம். எங்கள் சமையற்காரர் வைத்த கெளுத்திக் குழம்பை முதல்முறை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கரண்டியை ஒதுக்கிவிட்டு, பக்கத்து மேசைக் காரைக்கால்காரரைப் பார்த்துக் கையால் பிசையக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து எப்போதும் கையால்தான்.

வாசலுக்கு வந்ததும் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டுவார். பிறகுதான் மெதுவாகத் துப்பாக்கியை எடுப்பார். "ஏன் சார் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பேசியது இழுத்து இழுத்துப் பேசும் தெற்கத்தி இங்கிலீஷ். என் காதுக்குள் போனதும் அது காரைக்கால் தமிழாகிவிடும். அப்படியேதான் சொல்லப்போகிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

"முத்து, ஒரு வெள்ளக்காரன் துப்பாக்கியோட வந்தா நீ மனுஷனப் பாப்பே. நான் வந்தா துப்பாக்கியத்தான் பாப்பே. அதான் கைய மொதல்ல காட்டிடுறேன்."

இன்னொரு மத்தியானம், ஐஸ் போட்ட காபியைக் கலக்கிக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பாவுக்குக் கொஞ்சம் பருத்தி நிலம். ஒரு பழைய துப்பாக்கி, முயலுக்கும் பாம்புக்கும். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். ஓட்டுப் போடுவதற்குப் பெயர் கொடுக்கப் போனார் அப்பா. கறுப்பர் ஒருவர் பெயர் கொடுப்பதே அங்கே பெரிய விஷயமாம். மறுவாரம் ஊரின் போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். மரியாதையாகப் பேசினார்.

"ஊர் ஒரு மாதிரி இருக்கு. அந்தத் துப்பாக்கிய எங்கிட்ட குடுத்து வை. ஆபீஸ்ல பத்திரமா பூட்டி வைக்கிறேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அப்பா கொடுத்தார். அந்த வாரமே இரண்டு காரில் ஆட்கள் வந்து வீட்டைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். அம்மாவும் பிள்ளைகளும் அடுப்புக்குப் பின்னால் படுத்துப் பிழைத்தார்கள். அப்பா கையில் திருப்பிச் சுட ஒன்றும் இல்லை. பிறகு அவர் அந்த ஆபீசுக்குப் போய்த் துப்பாக்கியைக் கேட்டார். 'இப்ப வேணாம், உன் நல்லதுக்குத்தான்' என்று பதில் வந்தது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் போய்க் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே பதில். அந்தத் துப்பாக்கி திரும்பி வரவே இல்லை.

"அதே சர்க்கார்தான் முத்து, ஒரு மரத்தையே சாய்க்கிற மெஷின்கன்ன என் கையில குடுத்து இங்க அனுப்பியிருக்கு. முயல் சுடுறதுக்கு எங்கப்பாவ நம்பல, இதுக்கு என்னைய நம்புது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு இடிக்கிறதே என்று யோசிப்பவர்போலச் சொன்னார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. மரைக்காயர் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். கூடம் நிறைய ஆட்கள். பாங்கி குமாஸ்தாக்கள், சந்தைக் கடைக்காரிகள், எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர். எலைஜா வழக்கம்போலத் துப்பாக்கியைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். இலை வந்தது. கெளுத்தியும் வந்தது.

பின்னாலேயே இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தார்கள். குச்சி என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று பூட்ஸில் காய்ந்திருந்த செம்மண் சொன்னது. அங்கே அப்போது சண்டை கடுமை. இருவரில் மூத்தவன் பேசாமல் துப்பாக்கியைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொண்டான். இளையவன் கார்ப்பரல். குடித்திருந்தான். நிற்கவே இல்லை.

"கார்ப்பரல் சார், உங்க துப்பாக்கி" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தான். என் நிறம்தான் உங்களுக்குத் தெரிகிறதே. சைகோன் வெயிலில் இன்னும் ஒரு பூச்சு ஏறியிருந்தது. "நீயும் அந்தக் கறுப்பனுங்கள்ல ஒருத்தனா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டான்.

காலியாக இருந்தது ஒரே மேசை, எலைஜாவின் மேசைக்கு அடுத்தது. கார்ப்பரல் அதன் பக்கத்தில் நின்று, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த எலைஜாவின் கையைப் பார்த்தான். ஒரு சொல் சொன்னான். அதை நான் இங்கே சொல்லமாட்டேன். எலைஜா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து சாப்பிட்டார். அவர் சட்டையில் இருந்த பட்டையின்படி அவர் இவனுக்கு மேலதிகாரி. கார்ப்பரலுக்கு அதுவும் கண்ணில் படவில்லை. தன் இடுப்பில் தொங்கிய துப்பாக்கி உறையைத் தட்டினான்.

"என்னோடது இங்க இருக்கு. உன்னோடது எங்க? வாசல்லயே புடுங்கிட்டானுங்களா?"

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. எலைஜா எழுந்தார். கார்ப்பரல் பக்கம் திரும்பவில்லை. கைகழுவும் தொட்டி என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே வந்து சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு பையிலிருந்து வில்லையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"முத்து, என்னோடத குடு."

இதோ வில்லை. பொருளைக் கொடுக்கவேண்டும், அதுதான் விதி. கொடுத்தால்? கூடத்தில் பிணம் விழும். அவருடையதோ அந்தப் பொடியனுடையதோ, நடுவில் மாட்டுகிற ஒரு சந்தைக்காரியுடையதோ. மேசைமேல் தொலைபேசி இருந்தது. ராணுவப் போலீசைக் கூப்பிடலாம். ஆனால் அவர்கள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முதலில் கறுப்பர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். பார்த்திருக்கிறேன். கல்லாவிலிருந்து கோ லான், கொடுக்காதே என்று எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் முடிவு செய்துவிட்டேன், கொடுப்பதில்லை என்று. நல்ல புத்தியுள்ள எந்த ரிசப்ஷன்காரனும் அதைத்தான் செய்வான். அதை மரியாதையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். 'சார், உங்க நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

இது யாருடைய பேச்சு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐயோ, அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! பூட்டிய அலமாரி, இடுப்பில் சாவி, மரியாதையான குரல். அந்தப் போலீஸ் அதிகாரியின் தொப்பி ஒன்றுதான் குறைச்சல். வெள்ளைக்காரன் இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே நிற்கிறான்; அவனைத் தடுக்க என்னால் முடியவில்லை. முடியாத வீரன் இந்த மனிதரிடம் மட்டும் சட்டம் பேசப்போகிறேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சும்மா நின்றார்.

கடைசி முயற்சியாக அவர் தோளுக்கு மேலே பார்த்துக் கத்தினேன். "கார்ப்பரல்! உங்களோடத இங்க கொண்டாந்து வைங்க. அப்ப யாருக்கும் வேணாம்!" அவன் சிரித்தான். அவ்வளவுதான். எனக்கு வேறு வழி இல்லை. சாவியை எடுத்தேன். அலமாரியைத் திறந்து, துணிப்பையை இரண்டு கையாலும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தாங்க்யூ, முத்து" என்றார். தோட்டாவைப் போட்டார். அந்தச் சத்தம் கூடத்துக் கடைசி வரை கேட்டிருக்கும். துப்பாக்கியை வலது இடுப்பு உறையில் வைத்து, மேல்மூடியைப் பொத்தானிட்டு மூடினார். பிறகு உள்ளே நடந்தார்.

குமாஸ்தாக்கள் இரண்டு பேர் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். கார்ப்பரலின் கை உறைமேல் இருந்தது. நான் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எலைஜா தன் நாற்காலியை இழுத்து, கார்ப்பரலுக்கு நேர் எதிரே இருக்கும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்றார். யாருக்கும் பயப்படாத கோ லான் சோறும் குழம்பும் கொண்டுபோனாள். குழம்பில் பாதி மேசைமேல் சிந்தியது. எலைஜா வலது கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டார். அந்தக் கையைச் சோற்றுக்குள் விட்டார். குழம்பை ஊற்றி, விரல் முட்டிவரை எண்ணெய் ஏற, மெதுவாகப் பிசைய ஆரம்பித்தார்.

நீங்கள் கவனித்தீர்களா? அவர் வலது கைக்காரர். துப்பாக்கி வலது இடுப்பில். பொத்தானிட்ட உறை. அதை எடுக்கவேண்டிய கை இப்போது சோற்றுக்குள் இருக்கிறது. கெளுத்திக் கொழுப்பு ஏறிய விரலால் பொத்தானைக்கூடக் கழற்ற முடியாது. எதிரே ஆயுதத்தோடு ஒருவன் நிற்கிறான். இவர் கேட்டு வாங்கிய துப்பாக்கியைத் தொட முடியாதபடி தன் கையைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு, முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூசையில் சாமியார் நன்மை அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது கோயில் முழுக்க ஒரு அமைதி வருமே, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த அமைதி அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் வந்தது. அதுவரை நான் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைப் பூட்டி எடுத்திருக்கிறேன். அதை வைத்திருப்பவன் பெரியவன் என்றும் நினைத்ததுண்டு, வைத்திருப்பவன் பைத்தியக்காரன் என்றும் நினைத்ததுண்டு. வைத்துக்கொண்டே அதைத் தொடாமல் இப்படி உட்கார ஒரு மனிதனால் முடியும் என்று நினைத்ததே இல்லை.

துப்பாக்கியோடு வளர்ந்தவன் கார்ப்பரல். அந்தக் கை சோற்றில் இருப்பதன் பொருள் எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகப் புரிந்தது. முகம் வெளுத்தது. சுடுவதற்கு எதிரே ஆள் இல்லை, சாப்பிடுகிறவர்தான் இருந்தார். அப்போதுதான் அவன் வயது எனக்குத் தெரிந்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். மூத்தவன் வந்து அவன் முழங்கையைப் பிடித்தான். "வா, போலாம்" என்றான்.

மூத்தவன் தன் வில்லையைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டிருந்தபோது கார்ப்பரல் என் மேசையில் கையூன்றிக் கேட்டான். அதட்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"அவனுக்கு ஏன் குடுத்தே?"

"அது அவரோடது" என்றேன்.

இருவரும் வெளியே போய் ஒரு சிக்லோவில், அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏறினார்கள்.

மரைக்காயர் என்னைத் திட்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "உனக்கு மூளை கீளை இருக்கா? உன் கையால ஒரு மவுத்து உளுந்திருந்தா அல்லாகிட்ட யார் பதில் சொல்றது? நீயா, நானா?" என்று குதித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கோ லானும் அவர் கட்சிதான். அன்று பிழைத்தது என் புத்தியால் இல்லை, எலைஜாவின் பெருந்தன்மையால் என்றாள். அதுவும் உண்மை. ஆகவே, கேட்டதும் எதையும் தூக்கிக் கொடுங்கள் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுப்பதாக மேனேஜரிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஆனால் திட்டி முடித்த மரைக்காயர் ஒரு காரியம் செய்தார். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கர்னல் ஒருவர் இடுப்பைத் தட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே போகப் பார்த்தார். "வச்சிட்டுப் போனா சோறு, இல்லாட்டி அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் மரைக்காயர், தமிழிலேயே. கர்னல் வைத்துவிட்டுப் போனார். அலமாரிக்குக் கண் தெரிவது அன்றோடு நின்றது.

நாளைக்கு உங்கள் மேசைக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவரிடம் அடையாள அட்டையை ஒருமுறை பார்ப்பீர்கள். இன்னொருவரிடம் புரட்டிப் புரட்டிப் பார்ப்பீர்கள். எல்லாருடைய பாதுகாப்புக்கும்தான் சார் என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அப்படிச் சொல்ல வாய் திறக்கும்போது இந்தக் கிழவன் ஞாபகம் வந்தால் போதும்.

எலைஜாவிடம் வருகிறேன். அந்த இருவரும் போன பிறகு அவர் சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்தார். கையைக் கழுவிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பழையபடி இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காபி குடிக்கணும். இத உள்ள வை."

வைத்துப் பூட்டினேன். வில்லையைக் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், நான் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன், முத்து. சரின்னுட்டுத் தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். எங்கப்பா ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் திரும்பி வருவாரு."

கோ லான் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் கலக்கினார்.

"கேட்டா திருப்பிக் குடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான்னு எங்கப்பாவுக்கு இன்னைக்கே எழுதிப் போடணும்" என்றார்.